பத்தரைக்குத் தண்ணி கேட்டார்

உங்க வீட்டுக்காரரை உள்ளே கூட்டிட்டுப் போய் எவ்வளவு நேரமாச்சும்மா? இருபது நிமிஷமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கதவையே பாத்துட்டு இருந்தா அது சீக்கிரம் திறந்துடாது. இப்படித் தள்ளி உட்காருங்க, அங்கே ஏசி தண்ணி சொட்டுது.

ஆஞ்சியோ மட்டுமா, ஸ்டென்ட்டும் வைக்கிறாங்களா? பாத்துட்டுச் சொல்றோம்னாங்களா? எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. பாத்தாங்க, அடைப்பு இருந்துச்சு, கையோட ஸ்டென்ட் வச்சுட்டாங்க. அந்த வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. இப்ப இதயம் நல்லா ஓடுதுன்னு ஒவ்வொரு தடவையும் டாக்டர் சந்தோஷமாச் சொல்றார். பேச்சுதான் போயிடுச்சு.

அய்யய்யோ, உங்க முகம் ஏன் இப்படி ஆகுது. எல்லாருக்கும் வராதும்மா. நூத்துல ஒருத்தருக்குக்கூட வராதாம். கம்பி போற வழியில ரத்தக் குழாய்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறது ஏதாவது பேந்து, இல்லைன்னா ரத்தம் சின்னதா உறைஞ்சு, மேலே மூளைக்குப் போய் அடைச்சுக்குமாம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லல. இல்ல, சொன்னாங்க. கையெழுத்து வாங்கும்போது ஒரு டாக்டர் பொண்ணு படபடன்னு சொல்லுச்சு. அப்ப என் சம்பந்தியம்மா பின்னாடியே நின்னுட்டு இருந்தாங்க. நான் கையெழுத்தைத் தமிழ்ல போடறதா இங்கிலீஷ்ல போடறதான்னு யோசிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

இன்னிக்கு நான் வைத்தியத்துக்கு வரலைம்மா. அவருக்குக் கீழே பேச்சுப் பயிற்சி நடக்குது, பொண்ணு கூட இருக்கா. நான் வந்தது வேற விஷயத்துக்கு. அதோ, கண்காணிப்பாளர்னு பலகை போட்டிருக்கே, அந்த அறையில ஒரு விசாரணை. எப்சிபான்னு ஒரு நர்ஸ் பொண்ணு. சாத்தான்குளம் பக்கம். இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு இருக்கும். அவ மேல எங்க மாப்பிள்ளை புகார் எழுதிக் குடுத்திருக்கார். பாக்க வேண்டிய நேரத்துல சரியாப் பாக்கல, பாத்த மாதிரி சார்ட்ல டிக் போட்டு வச்சுட்டான்னு. அவளை வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னிக்கு ஒரு முடிவு எடுக்கறாங்களாம். நான்தான் சாட்சி. கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் பேசிட்டு இருக்கலாமே, உங்களுக்கும் நேரம் போகும்.

நீங்க எந்த ஊரு? மானாமதுரையா. நல்லது. நாங்க சங்கரன்கோவில். இன்னிக்கு விட்டா நாம பாத்துக்கவே போறதில்லை.

எங்க வீட்டுக்காரர் கோமதிநாயகம், மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோபம் வந்தா கத்தக்கூட மாட்டார். பேசறதை நிறுத்திடுவார். அது ஒண்ணுதான் அவர்கிட்ட. கல்யாணமான புதுசுல மூணு நாள், நாலு நாள் நிறுத்துவார். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள். எனக்கும் பழகிடுச்சு. நான் சுவரைப் பாத்து 'சாப்பாடு ஆறுது'ம்பேன். அவர் காலண்டரைப் பாத்து 'இன்னிக்கு சிலிண்டர் வரும்'பார். குடும்பம் அது பாட்டுக்கு ஓடிடும். எங்க பொண்ணு சௌந்தர்யா சின்னதா இருக்கும்போது நடுவுல நின்னுக்கிட்டு, 'அப்பா, அம்மா சாப்பிட வரச் சொல்றா. அம்மா, அப்பாவுக்குப் பசிக்கலையாம்'னு சொல்லும். நாங்க ரெண்டு பேரும் ஒரே அறையிலதான் இருப்போம்.

கடைசியா நிறுத்தினது பதினோரு மாசம்.

சிரிங்க, பரவாயில்லை. நானே சிரிச்சிருக்கேன்.

எல்லாம் சௌந்தர்யா கல்யாணத்துல வந்தது. அவருக்கு ஒரே தங்கச்சி, லோகநாயகி. பாவம், முப்பத்தஞ்சு வயசுலயே புருஷன் தவறிட்டார். அவளை நான் ஒரு குறை சொன்னது கிடையாது. எங்க வீட்ல எதுன்னாலும் முதல்ல வந்து நிக்கிறவ அவதான். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துல வந்து இறங்கறாங்க. லோகநாயகி ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கிறா. 'அத்தைதான் எடுக்கணும்'னு அவர்தான் நிக்க வச்சிருக்கார். சம்பந்தியம்மா கார்லேர்ந்து ஒரு காலைக் கீழே வைக்கிறாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, தட்டை அவ கையிலேர்ந்து வாங்கிப் பக்கத்துல நின்ன எங்க தெருக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். வெடுக்குன்னெல்லாம் வாங்கல. சாதாரணமாத்தான் வாங்கினேன். 'நீ போய்ப் பந்தியைக் கவனிம்மா'ன்னேன். அவளும் போயிட்டா. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதேன்னுதான் செஞ்சேன். அவங்க அப்படி எதுவும் நினைக்கிற ஆளே இல்லையாம், பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னிக்கு எனக்கு எப்படிம்மா தெரியும்?

அவர் பாத்துட்டார். சாயங்காலம் மண்டபத்தைக் காலி பண்ணும்போது, சாமான் எண்ணிக்கிட்டு இருந்த என் முன்னாடி வந்து நின்னு, 'நீ செஞ்சது மனுஷி செய்யிற காரியம் இல்ல'ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது.

லோகநாயகிகிட்ட ஒரு தடவை போய் 'தப்புத்தான்'னு சொல்லியிருந்தா அவர் பேசியிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனா அவதான் எதையும் மனசுல வச்சுக்காதவளாச்சே. அவகிட்டப் போய் எதுக்குச் சொல்லணும்?

இதுல ஒரு கூத்து என்னன்னா, இதெல்லாம் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. சௌந்தர்யா இங்கே மதுரையில அவங்களோட இருக்கா. நாங்க பொண்ணைப் பாக்க வரும்போது அவங்க முன்னாடி ஒழுங்கா இருப்போம். அவர் ஃபேனைப் பாத்து 'தண்ணி'ம்பார், நான் எழுந்து போய்க் கொண்டாந்து குடுப்பேன். சம்பந்தியம்மா என்ன சொல்வாங்க தெரியுமா? 'அவர் வாயைத் திறக்கறதுக்குள்ளே செய்யறீங்களே, இந்தக் காலத்துப் பிள்ளைங்க உங்களைப் பாத்துக் கத்துக்கணும்'பாங்க. நாலு பேர் இருக்கும்போது சொல்வாங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் முப்பத்தேழு வருஷத்துல ஒரு நாள் முகம் கோணினது இல்லையாம். அப்படிப்பட்டவங்க நம்மளைப் பாத்து இப்படிச் சொல்றாங்களேன்னு எனக்குப் பெருமையா இருக்கும். பொய்னு தெரியும். தெரிஞ்சாலும் பெருமையா இருக்கும்.

நெஞ்சு வலி வந்தப்பகூட அவர் என்கிட்ட சொல்லலம்மா. நான் அடுப்படியில இருக்கேன், அவர் கூடத்துல இருக்கார். மதுரையிலேர்ந்து சௌந்தர்யா எனக்குப் போன் பண்ணி, 'அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குதாம், என்ன பண்ணிட்டு இருக்கே?'ங்கறா. எட்டிப் பாத்தா அவர் போனைக் கையில வச்சுக்கிட்டு, வேர்த்துப் போய் உட்கார்ந்திருக்கார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. பத்தடி தள்ளி நான் இருக்கேன். நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குச் சொல்றார்.

சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்ச டாக்டர்னுதான் இந்த ஆஸ்பத்திரி. அவர் வரமாட்டேன்னு தலையை ஆட்டினார். நான் சுவரைப் பாத்து, 'வரலைன்னா லோகநாயகியைக் கூப்பிட்டுச் சொல்லிடுவேன்'னேன். அதுக்குக் கிளம்பினார்.

காலையில எட்டரைக்கு உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. தொடை வழியாத்தான் கம்பி விட்டாங்க. வலது தொடை. டேபிள்ல இருக்கும்போது நல்லாத்தான் பேசினாராம். உள்ளே வேலை பாக்கற பையன்கிட்ட, 'என்னப்பா, பியூஸ் போன லைனைச் சரி பண்ற மாதிரி பண்றீங்க'ன்னு சிரிச்சாராம். பின்னாடி அந்தப் பையன்தான் சொன்னான். எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தெரியாத பையன்கிட்ட என்ன சிரிப்பு.

பத்தேகாலுக்கு வெளியே கொண்டு வந்து மேலே வார்டுல போட்டாங்க. சௌந்தர்யாவையும் சம்பந்தியம்மாவையும் நான்தான் வீட்டுக்கு அனுப்பி வச்சேன். 'எல்லாம் நல்லா முடிஞ்சுதே, போய்ச் சாப்பாடு எடுத்துட்டு வாங்க'ன்னேன். இந்தப் பொண்ணு எப்சிபா வந்து, 'அங்கிள், ஆறு மணி நேரம் இந்தக் காலை அசைக்கவே கூடாது. மடக்கினா ரத்தம் வந்துடும்'னு சொன்னா. அவர் அசைக்கவே இல்லைம்மா. பக்கத்துப் படுக்கைக்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காலை இழுத்துத் திட்டு வாங்கறார். இவர் கட்டை மாதிரி வச்சிருக்கார். அவர் சம்சாரம் என்கிட்ட, 'உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சொன்ன பேச்சுக் கேக்கறார், பாருங்க'ன்னாங்க. வலது கையில டிரிப்ஸ் ஊசி இருந்துச்சு, அதையும் அசைக்கல. நான் வலது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தை இடது பக்கம் சுவர்ப் பக்கமாத் திருப்பிக்கிட்டார்.

எனக்கு அதுல என்ன புதுசு? பதினோரு மாசமா அந்த முதுகைத்தானே பாத்துட்டு இருக்கேன்.

பத்தரைக்கு எப்சிபா வந்தா. தொடையில கட்டைப் பாத்தா, பாதத்துல நாடியைத் தொட்டுப் பாத்தா. 'அங்கிள், நெஞ்சு வலி இருக்கா? உங்க பேர் சொல்லுங்க'ன்னா. அவர் திரும்பவே இல்லை. மறுபடி கேட்டா. எனக்குச் சங்கடமாப் போச்சு. வெளியாள் முன்னாடியுமான்னு. 'அவர் பேச மாட்டார்ம்மா, என் மேல கோபம். கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன்ல, அதான்'னேன். அவ சிரிச்சுட்டா. 'எங்க அப்பாவும் இதே மாதிரிதான் ஆன்ட்டி. ஊசின்னா மூணு நாள் யாரோடயும் பேச மாட்டாங்க'ன்னா. எட்டுப் படுக்கை அவளுக்கு. அந்தப் பக்கம் ஒருத்தர் காலை மடக்கிட்டார்னு கத்தறாங்க. சார்ட்ல எழுதிட்டு ஓடினா.

பதினோரு மணிக்கு வந்தா. 'இன்னும் கோபம் தீரலையா ஆன்ட்டி?' 'அவ்வளவு சீக்கிரம் தீராதும்மா.' பதினொண்ணரைக்கு வந்தா. 'அங்கிள், எனக்காகவாவது ஒரு வார்த்தை பேசுங்களேன்.' நான்தான், 'விடும்மா, அவரைப் பத்தி எனக்குத் தெரியும்'னேன்.

தெரியும்னு சொன்னேன். ஆமா, தெரியும்தானே. முப்பது வருஷம்.

தண்ணி குடுக்கலாம்னு சொல்லியிருந்தா. ஸ்பூன்ல குடுத்தேன். வாய் ஓரமா வழிஞ்சு தலையணையில விழுந்துச்சு. இன்னொரு ஸ்பூன் குடுத்தேன், அதுவும் வழிஞ்சுது. என் கையால குடிக்க மாட்டாராம், துப்பறார்னு நினைச்சேன். எனக்கு அழுகை வந்துடுச்சு. தொடைச்சுவிட்டேன். ஸ்டூலைத் தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம், சுவர்ப் பக்கம் இடுக்குல போட்டு, அவர் முகத்துக்கு நேரா உட்கார்ந்தேன். இன்னும் எங்கே திருப்புவீங்கன்னு.

திருப்பல. என்னைப் பாத்தார்.

பதினோரு மாசத்துல அன்னிக்குத்தான் என் முகத்தைப் பாத்தார். கண்ணை எடுக்காமப் பாத்தார். நான் பேச ஆரம்பிச்சேன். சுவரைப் பாத்து இல்லைம்மா, அவரைப் பாத்து. தட்டை வாங்கினது தப்புன்னு சொன்னேன். எதுக்கு வாங்கினேன்னு சொன்னேன். எனக்குச் சம்பந்தியம்மாவைக் கண்டா பயம்னு சொன்னேன். நான் பத்தாங்கிளாஸ் தாண்டாதவன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு பயம், எங்க அப்பா கடையில சாக்கு தைச்சவர்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னு பயம். இதெல்லாம் அவர்கிட்டகூட நான் சொன்னதில்லை. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவர் கண்ணுலேர்ந்து தண்ணி வந்துச்சு. இடது கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இறுக்கிப் பிடிச்சார், வளையல் அழுந்தற மாதிரி. அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சு நான் பாத்ததே இல்லை. வாய் என்னமோ சொல்ல வந்து சொல்லாம நின்னுச்சு. 'ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குப் புரியுது'ன்னேன்.

யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்ட சொல்றேன். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமா இருந்தேன்.

நரம்பு டாக்டர் பின்னாடி சொல்றார், மூளையில அந்த இடத்துல அடைப்பு வந்தா கண்ணு தானா இடது பக்கம் போயிடுமாம். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் பாத்திருப்பாராம். கையைப் பிடிச்சது, உதவி கேட்டுப் பிடிச்சிருப்பார்ங்கறார். அவர் படிச்சவர், சொல்றார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்ததை அவரா பாத்தார்?

ஒன்றரைக்கு சௌந்தர்யா சாப்பாட்டுக் கூடையோட வந்தா. பின்னாடியே சம்பந்தியம்மா. சௌந்தர்யா கட்டில்கிட்டக்கூட வரல. நாலடி தள்ளி நின்னு, 'அம்மா, அப்பா வாய் ஏன் ஒரு பக்கமா இருக்கு?'ன்னா. கூடையைப் போட்டுட்டு ஓடி வந்து, 'அப்பா, அப்பா, கையைத் தூக்குப்பா'ங்கறா. இடது கை வருது. வலது கை வரல. ஒரு பார்வையில அவளுக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் ஓடினாங்க. டாக்டர் வந்தார், நாலஞ்சு பேர் வந்தாங்க. ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போகும்போதே அந்த நரம்பு டாக்டர் என்கிட்ட, 'அம்மா, கடைசியா எப்போ நல்லாப் பேசினார்? இது ரொம்ப முக்கியம். நேரம் தெரிஞ்சாத்தான் என்ன பண்ணலாம்னு முடிவு பண்ண முடியும்'னார். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. சம்பந்தியம்மா என் தோள்ல கை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

நான் என்ன சொல்ல? பதினோரு மாசம்னா?

'பத்தரைக்குப் பேசினார். தண்ணி கேட்டார். அப்புறம் தூங்கிட்டார்'னேன்.

அந்தப் பொண்ணு எப்சிபா அங்கேதான் நின்னா. 'இல்லையே ஆன்ட்டி, வந்ததுலேர்ந்தே பேசலையே. கோபமா இருக்கார்னு நீங்கதானே சொன்னீங்க'ன்னா. டாக்டர் அவ பக்கம் திரும்பி, 'பேசலைன்னா சார்ட்ல ஏன் தெளிவா இருக்கார்னு போட்டே?'ன்னு கேட்டார். அவ என்னைப் பாத்தா. சம்பந்தியம்மாவும் என்னைப் பாத்தாங்க. 'கோபமா? இவங்களுக்குள்ளேயா?'ன்னாங்க.

'நானா? நான் அப்படிச் சொல்லலையேம்மா'ன்னுட்டேன்.

வாயிலேர்ந்து வந்துடுச்சு. நான் யோசிச்சுச் சொல்லல.

ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மருந்து போயிருந்ததால, கட்டியைக் கரைக்கற ஊசி போட முடியாதுன்னாங்க. மறுபடியும் இதே கதவுக்குள்ளேதான் கொண்டு போனாங்க. கழுத்து வழியா மூளை வரைக்கும் கம்பி விட்டு அந்தக் கட்டியை இழுத்து எடுத்தாங்க. எடுத்துட்டோம்னு சொன்னாங்க. எடுத்து என்ன, அதுக்குள்ளே ஒரு பகுதி போயிடுச்சாம். டாக்டர் வெளியே வந்து, 'ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி கூப்பிட்டிருந்தா பேச்சு தங்கியிருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு'ன்னார். நான் பத்தரைன்னு சொன்னதால எதுவும் கெட்டுப் போகலையான்னு கேட்டேன். 'இல்லம்மா, படத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணினோம்'னார். பாத்தீங்களா, நான் சொன்னதால ஒண்ணும் ஆகல.

கால் பரவாயில்லை. ஊன்றுகோல் வச்சுக்கிட்டு நடக்கிறார். கை கொஞ்சம். பேச்சு சுத்தமா இல்லை. ஆனா நாம பேசறது எல்லாம் புரியுதாம். பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லுச்சு. எல்லாமே புரியுதுன்னு. அன்னிக்கும் புரிஞ்சிருக்குமான்னு கேட்டேன். அது சொல்ல முடியாதுன்னுச்சு.

ஏழு வாரமா சம்பந்தி வீட்லதான் இருக்கோம், பயிற்சிக்குப் பக்கம்னு. கீழ் அறையை ஒழிச்சுக் குடுத்திருக்காங்க. என்னை ஒரு வேலை செய்ய விடறதில்லை. மாப்பிள்ளைதான் கொதிச்சுப் போய்ப் புகார் எழுதினார். 'அந்தப் பொண்ணு தன் தப்பை மறைக்க அத்தை மேல பழியைப் போடுது'ன்னு. சம்பந்தியம்மா, 'இப்படிப்பட்ட தம்பதியைப் பத்தி இப்படிச் சொல்ல நாக்கு எப்படி வந்துச்சு'ன்னு அழுதுட்டாங்க. எனக்காக அழுதாங்கம்மா. அழறவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? சௌந்தர்யா மட்டும் ஒரு நாள் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கிட்டே, 'அம்மா, நீயும் அப்பாவும் பேசிக்கிட்டுத்தானே இருந்தீங்க?'ன்னு கேட்டா. அவர் இடது கை பாதி சட்டையில அப்படியே நிக்குது. 'இது என்ன கேள்வி'ன்னேன். அவ பட்டனைப் போட்டுவிட்டா.

நடந்தது முழுசும் தெரிஞ்ச ஆள் அவர்தான். அவருக்குப் பேச்சு வந்தா முதல்ல என்ன சொல்வார்னு நினைச்சுப் பாப்பேன். தினமும் மீனாட்சியம்மன்கிட்ட, பேச்சைக் குடு தாயேன்னு வேண்டிக்கிறேன். வேண்டி முடிச்சதும், அவசரமில்லை தாயேன்னும் சொல்லிடறேன்.

அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற எங்கேயாவது வேலை கிடைச்சுடும். இங்கே இல்லைன்னா திருநெல்வேலியில இல்லையா, தூத்துக்குடியில இல்லையா? எனக்கு வேற சம்பந்தி கிடைக்குமா? என் பொண்ணு அந்த வீட்ல வாழணுமே. இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்து வரைக்கும் அது எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு.

அதோ, அந்தக் கடைசி பெஞ்சுல வெள்ளைச் சட்டை போட்டவர் இருக்கார் பாருங்க, துண்டை மடியில மடிச்சு வச்சுக்கிட்டு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவர் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். எப்சிபாவோட அப்பா. என்னை யார்னு தெரியாது. 'யாருக்கும்மா உடம்பு சரியில்ல?'ன்னு கேட்டார். 'வீட்டுக்காரருக்கு'ன்னேன். அவரா பேசினார். 'எம்மவ நர்ஸ். இங்கே ஒரு பிரச்சினை. சர்டிபிகேட்டுல தப்புன்னு எழுதிட்டாங்கன்னா எங்கேயும் சேர்க்க மாட்டாங்களாம்மா. பிள்ளை சோறு திங்க மாட்டேங்குது. ஆனா, அந்த அங்கிளோட சம்சாரம் ரொம்ப நல்லவங்கப்பா, அன்னிக்குப் பதட்டத்துல அப்படிச் சொல்லிட்டாங்க, வந்தா நடந்ததைச் சொல்லிடுவாங்கன்னு சொல்லுது. உங்களுக்கு அவங்களைத் தெரியுமாம்மா?'ன்னார்.

'தெரியாது'ன்னேன்.

அதுலேர்ந்து எனக்கு உட்கார முடியல. அப்பத்தான் நீங்க வந்தீங்க. உங்களைப் பாத்ததும் பேசணும் போல இருந்துச்சு. யார்கிட்டயாவது ஒரு தடவை முழுசாச் சொல்லிப் பாத்தா வாய்க்குப் பழகிடும்ல.

என்ன? ஆமாப்பா, நான்தான் ஆவுடைத்தங்கம். கூப்பிடறாங்களா? இதோ வரேன்னு சொல்லு. ரெண்டே நிமிஷம்.

ஏம்மா, ஒரு உதவி. அந்தக் கதவுக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்து, உள்ளே யார் யார் இருக்காங்கன்னு சொல்றீங்களா? பச்சைச் சேலை, கண்ணாடி போட்டவங்க, இருக்காங்களா? மாப்பிள்ளை பக்கத்துலயா? ம். சம்பந்தியம்மாதான். வரலைன்னு காலையில சொன்னாங்க. எனக்குத் துணையா இருக்கட்டும்னு வந்திருப்பாங்க.

ஏம்மா, ஏம்மா, உங்க கதவு திறக்குது பாருங்க! 'முத்துராக்கு'ன்னு கூப்பிடறாங்களே, உங்க வீட்டுக்காரர்தானே? எழுந்திருங்க, ஓடுங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்காதீங்க, தலையை ஆட்டிட்டுப் போயிடுவார். பேர் சொல்லச் சொல்லுங்க. சிரிக்கச் சொல்லுங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க. பேசலைன்னா அசதின்னு நினைக்காதீங்க, கோபம்னு நினைக்காதீங்க, சிஸ்டரைக் கூப்பிட்டுக் கத்துங்க. போங்க, போங்க.

என்ன சொல்றார்? உங்களையா திட்டறார்? வேட்டி எங்கேன்னா? நல்லாத் திட்டறார்ம்மா. ரெண்டு பக்கமும் வாய் ஒண்ணா அசையுது. திட்டட்டும், திட்டட்டும். ஒரு வார்த்தை விடாமக் கேட்டுக்கோங்க.

இதோ வந்துட்டேன்ப்பா, கதவைச் சாத்திடாதே.

என்ன சொல்லப் போறேன்னு கேட்கறீங்களா? உங்ககிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும்னுதான் எழுந்திருக்கேன். ஆனா கதவு வரைக்கும் இன்னும் பத்தடி இருக்கும்மா.